அணைகள் நிரம்பிய வருடம்

பொயிலர் அறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோது யோசெப்பின் ஆறு மாதக் கர்ப்பிணி. மன்னாரிலிருந்து கனடாவின் மொன்றியலுக்கு வந்து எட்டு வருடங்கள். அந்த எட்டு வருடமும் கார்ட்டியர்வில் பக்கமிருந்த ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் கட்டில் விரிப்புகளோடு மல்லுக்கட்டியவள். கணவன் மரியதாசன் வெதுப்பகம் ஒன்றில் பாண் பொதி செய்பவன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு.

1998 தை மாதம் மழை பெய்தது. ஐந்து நாட்கள் விட்டுவிட்டுப் பெய்த அந்த மழை விழுந்த இடத்திலேயே கட்டியாக உறைந்தது. மரங்கள் கிளை கிளையாக முறிந்தன. கறண்ட் கம்பிகளைத் தாங்கிய இரும்புக் கோபுரங்கள் பாரம் தாங்காமல் மடிந்து விழுந்தன. நகரம் இருண்டு, வீடுகள் விறைத்துப் போயின. ஆஸ்பத்திரி மட்டும் தன் டீசல் இயந்திரத்திலும் எண்ணெயில் எரியும் மூன்று பொயிலர்களிலும் உயிர் தப்பியது. வேலைக்கு வரக்கூடியவர்கள் நடந்து வரும் தூரத்தில் இருந்தவர்கள்தான். யோசெப்பினை மரியதாசன் கையைப் பிடித்து, பிள்ளை நடை நடக்கவைத்துக் கூட்டிவந்து விட்டுப்போனான். வீட்டில் குளிருக்குள் இருப்பதைவிட அது நல்லது.

பொயிலர் அறைக்குப் பொறுப்பாக இருந்த முசியே பெல்ரோஸ் அவளுடைய வயிற்றைப் பார்த்தார். "நீங்கள் மூட்டை தூக்க வேண்டாம். இந்த ஸ்டூலில் இருந்து அந்தக் கண்ணாடிக் குழாயைப் பாருங்கள். தண்ணீர் இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் கத்துங்கள்" என்றார். பொயிலருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைக் காட்டும் குழாய் அது. தண்ணீர் வற்றினால் இரும்பு காய்ந்து வெடிக்கும் என்று அவர் சொன்னபோது அவளுக்குப் பயம் வரவில்லை. இவ்வளவு பெரிய கட்டடத்தின் சூடு முழுவதும் ஒரு விரலளவு தண்ணீர்க் கோட்டில் நிற்கிறதா என்று வியப்புத்தான் வந்தது.

அதே அறையில் அதே நாட்களில் இன்னொரு தமிழரும் இருந்தார். அருமைநாதன். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், ஆஸ்பத்திரி நடைக்கூடங்களைத் துடைக்கும் வேலைக்காரர். ஆள் பற்றாக்குறையில் அவரையும் பெல்ரோஸ் இழுத்து எண்ணெய் வால்வுகளைத் திறக்கவும் பூட்டவும் விட்டிருந்தார். ஐந்து நாட்களும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. யோசெப்பினுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். அவள் ஸ்டூலுக்குப் பின்னால் யாரோ தூக்கியெறிந்த தலையணை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "முதுகு நோகும் தங்கச்சி, சாயும்" என்றார்.

சித்திரையில் ஷெரோன் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு யாரை ஞானத்தகப்பனாக வைப்பது என்று மரியதாசன் கேட்டபோது யோசெப்பின் யோசிக்கவே இல்லை. கோயிலில் அருமைநாதன் குழந்தையை ஏந்தி நின்றார். அருகில் அவருடைய மனைவி இமெல்டா வெள்ளைத் துணியைப் பிடித்தபடி நின்றாள்.

அந்த வருடமே யோசெப்பினும் அருமைநாதனும் பொயிலர் அறை வேலைக்கே மாறி, பொயிலர் இயக்குபவர்களுக்கான பாடநெறிக்குப் பெயர் கொடுத்தார்கள். நாலாம் வகுப்பில் தொடங்கி முதலாம் வகுப்பு வரை மேலே போக வேண்டிய பரீட்சைகள், எல்லாம் பிரெஞ்சில். யோசெப்பினுக்குப் பிரெஞ்சு வந்தது, அருமைநாதனுக்குக் கையில் வேலை வந்தது. சனிக்கிழமைகளில் அவளுடைய சமையலறை மேசையில் புத்தகங்களை விரித்துக்கொண்டு இருப்பார்கள். அவள் வசனத்தைத் தமிழில் சொல்ல, அவர் கேட்டுவிட்டு, "ஓ, இதுதானே, இதை நான் செய்யிறனான், பேர்தான் தெரியாது" என்பார். 2004இல் யோசெப்பின் இரண்டாம் வகுப்பை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினாள். அவர் மூன்றாவது தடவையில் பாஸ் பண்ணினார். மூன்று தடவைக்கும் படிப்பித்தது அவள்தான்.

அந்தக் காலத்தில்தான் மாகாணம் முழுவதும் கறண்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தது.

கியூபெக்கில் கறண்ட் என்றால் தண்ணீர். ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, மரங்களும் கற்பாறையும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், ஆறுகளை மறித்துக் கடல்போல ஏரிகள் கட்டியிருக்கிறார்கள். பனி உருகியும் மழை பெய்தும் அவை நிரம்ப வேண்டும். நிரம்பினால் சனங்கள் வீட்டைக்கூடக் கறண்டிலேயே சூடாக்கலாம். ஆனால் சில வருடங்களாக வடக்கில் மழை குறைந்திருந்தது. ஏரிகளின் நீர்மட்டம் இறங்கியது. தை மாதக் குளிர் இறுக்கிப் பிடித்த நாட்களில் வெளியிலிருந்து கறண்ட் வாங்கவேண்டி வந்தது. தண்ணீரை மட்டும் நம்பி இருக்கலாமா, இயற்கை வாயு எரித்தும் கறண்ட் எடுக்க வேண்டாமா என்று பத்திரிகைகள் எழுதின. வாயு எரித்தால் புகை வரும் என்று ஒரு பகுதி சனம் கொடி பிடித்தது. கொடிகளுக்கு நடுவிலேயே நகரின் கிழக்கு அந்தத்தில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அப்பால், ஒரு தனியார் கம்பனி வாயுவில் ஓடும் மின்னிலையம் ஒன்றைக் கட்டத் தொடங்கியது.

அருமைநாதன் 2005இல் அங்கே போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம் யோசெப்பினின் வீட்டுக்கு வந்து, கோப்பியைக்கூடக் குடிக்காமல் கதைத்தார்.

"சாகுமட்டும் ஆஸ்பத்திரிக்குச் சுடுதண்ணி காய்ச்சப் போறீரோ தங்கச்சி? அங்க வந்து பாரும். டர்பைன் எண்டால் ஒரு வீடு உயரம். அதின்ர சூட்டிலேயே பொயிலர் ஓடுது. உம்மைப்போல தண்ணி பாக்கத் தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் அலையிறாங்கள்."

"இஞ்ச எனக்கு நிரந்தர வேலை அண்ணை."

"அது இருவது வருச ஒப்பந்தம். இருவது வருசத்தில நீரும் நானும் பென்சன் எடுத்திடுவம்."

"காஸ் விலை ஏறிப் போச்செண்டு ரீவியில சொல்லுறாங்களே. அமெரிக்காவில புயல் வந்து கடலுக்க இருந்த கிணறெல்லாம் உடைஞ்சதெண்டு."

"விலை ஏறினா எங்களுக்கென்ன? கறண்ட் வாங்கிறவன் குடுக்கிறான். தண்ணி இல்லாட்டி அவனுக்கு வேற வழி? யோசியும், மேல மழை பெய்யுறதை ஆர் கண்டது?"

பெல்ரோஸ் அவளை அனுப்ப விரும்பவில்லை. கடைசி நாள் அவளுடைய கையைப் பிடித்து, "கதவு திறந்திருக்கும்" என்றார். அதை அவள் ஒரு மரியாதை வார்த்தையாக மட்டும் எடுத்துக்கொண்டாள்.

புதிய இடம் அவளுக்குப் பிடித்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. கட்டுப்பாட்டு அறையில் பன்னிரண்டு திரைகள். டர்பைன் ஓடத் தொடங்கும்போது தரை வழியாக ஓர் அதிர்வு காலில் ஏறும். வெளியேறும் வெப்பக்காற்று பொயிலருக்குள் போய் நீராவியாகும். கறண்ட் கம்பியில் போக, மிச்ச நீராவி பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகும். அருமைநாதன் அவளுடைய ஷிப்டுக்குத் தலைவர், அவள் பொயிலருக்குப் பொறுப்பு. நீரின் உப்பும் காரமும் ஒரு புள்ளி விலகினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். "தங்கச்சி இருந்தா நான் திரையைப் பாக்கத் தேவையில்லை" என்று அவர் மற்றவர்களிடம் சொல்லுவார்.

2007 வசந்தத்தில் அருமைநாதன் பார்க் எக்ஸ்டென்ஷன் அடுக்குவீட்டை விட்டு இல்-பிசாரில் ஒரு தனிவீடு வாங்கினார். இமெல்டாவுக்குத் தோட்டம் வேண்டும் என்பது பழைய ஆசை. மொன்றியல் தீவின் மேற்கிலிருந்து கிழக்குக்கு அவருடைய பழைய வான் வண்டியில் வேலைக்கு வரும் வழியில்தான் யோசெப்பினின் வீடு. அவள் அப்போது அஹுன்ட்சிக்குக்கு மாறியிருந்தாள். காலையில் ஹோர்ன் ஒரு தடவை அடிப்பார். அவள் இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு இறங்குவாள். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் கதைக்காத விஷயம் இல்லை.

அந்தக் கோடை மழைக் கோடை. வடக்கிலும் மழை என்று செய்தியில் சொன்னார்கள். மாகாணத்தில் கடதாசி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. அவைதான் கறண்டை மொத்தமாகக் குடிப்பவை. ஆவணி மாதத்தில் ஒரு நாள் ஷிப்ட் தலைவர்களை மட்டும் கம்பனி அலுவலகத்துக்கு அழைத்தார்கள். திரும்பி வரும்போது அருமைநாதன் வானில் ரேடியோவைச் சத்தமாகப் போட்டார். கண்ணாடியில் மழைத் துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணை கூட்டத்தில?"

"சும்மா. பாதுகாப்புச் சட்டம், அது இது."

புரட்டாதியில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவுடன் தொலைபேசி அடித்தது. பெல்ரோஸ்.

"யோசெப்பின், என்னுடைய உதவியாளர் ஓய்வு பெறுகிறார். இரண்டாம் வகுப்புக்காரர் ஒருவர் வேண்டும். ஐப்பசி பன்னிரண்டு வரை விண்ணப்பம் எடுப்பேன். உண்மையில் நான் வேறு யாரையும் தேடவில்லை."

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மரியதாசன், "உனக்கு எது மனசோ அதைச் செய்" என்றான். அவன் எதற்கும் அப்படித்தான் சொல்வான். யோசெப்பினின் மனதில் நின்றது வேறு: அருமைநாதன் கூட்டிப்போன இடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு வருவது சரியில்லை. அடுத்த நாள் காலை வானில் ஏறி, கதவைச் சாத்தியவுடன் சொல்லிவிட்டாள்.

அவர் வானைக் கிளப்பினார். ஹென்றி-புறசா வீதியில் இரண்டு சிக்னல் தாண்டியபிறகு கேட்டார்:

"எப்ப கடைசித் தேதி எண்டவர்?"

"ஐப்பசி பன்னிரண்டு. நீங்கள் என்ன சொல்லுறியள்? இஞ்ச ஏதும் பிரச்சினை இருக்கோ? அப்பிடியெண்டால் நான் போறன். இல்லாட்டி நிக்கிறன்."

"என்ன பிரச்சினை? விண்டர் வருது. குளிர் காலத்தில எல்லா நெருப்பும் தேவைப்படும். இப்ப போய் அந்தப் பழைய எண்ணெய்ப் பொயிலரைக் கட்டிப்பிடிக்கப் போறீரோ? அடுத்த வருசம் உம்மை ஷிப்ட் தலைவராப் போடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கிறன். விசர் வேலை பாக்காதையும், தங்கச்சி. நில்லும்."

அவ்வளவுதான். அவள் அன்று மாலையே பெல்ரோஸுக்கு அழைத்து நன்றி சொல்லி மறுத்தாள். "நிச்சயமா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் நிச்சயம் என்றாள்.

ஐப்பசி முதல் வாரத்தில் அருமைநாதன் ஒரு நாள் லீவு எடுத்தார். இமெல்டாவைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னார். யோசெப்பின் அன்று பஸ்ஸிலும் மெட்ரோவிலும் பஸ்ஸிலுமாக வேலைக்குப் போனாள். இமெல்டாவின் பல்வலிக்கு என்று கிராம்பு எண்ணெய்ப் போத்தல் ஒன்றையும் அடுத்த நாள் கொடுத்துவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டார்.

மார்கழி தொடங்கியதும் பனி கொட்டத் தொடங்கியது. வயதானவர்களே இப்படிக் கண்டதில்லை என்றார்கள். அந்த மாத நடுவில் எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்துக்கு அழைத்தார்கள். முகாமையாளர் கையில் ஒரு தாள் வைத்திருந்தார். வடக்கே ஏரிகள் நன்றாக நிரம்பிவிட்டன. ஆலைகள் மூடியதால் கறண்டுக்குத் தேவை குறைந்துவிட்டது. வாயுவின் விலையும் கூடிவிட்டது. ஆகவே எங்கள் கறண்ட் அடுத்த வருடம் தேவையில்லை என்று வாங்குபவர்கள் சொல்லிவிட்டார்கள். தை முதலாம் தேதி நிலையத்தை நிறுத்துகிறோம். காவலுக்கும் பராமரிப்புக்கும் ஆறு பேர் இருப்பார்கள். மற்றவர்களுக்கு நன்றி.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "கம்பனிக்கு நட்டமில்லையா?"

முகாமையாளர் தாளைப் பார்த்தார். ஒப்பந்தப்படி, ஓடாமல் நிற்பதற்கும் கம்பனிக்குப் பணம் வரும் என்றார். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். "இதில் யாருடைய குற்றமும் இல்லை. வானிலைதான்" என்று முடித்தார்.

யோசெப்பினால் அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது. மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை. தண்ணீர் சும்மா கிடைக்கும்போது விலை கொடுத்து நெருப்பு வைப்பவன் முட்டாள். இரண்டு வருடம் முன் வறண்ட ஏரி அவளுக்கு வேலை கொடுத்தது, இப்போது நிரம்பிய ஏரி எடுத்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அதைத்தான் சொன்னாள். அருமைநாதன் வானை ஓட்டிக்கொண்டு, "ஆண்டவர் ஒரு வழி விடுவார்" என்றார். அவருடைய முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லாததை அவள் கவனித்தாள். ஆறு பேரில் அவரும் ஒருவராக இருப்பார் என்று எண்ணி, நல்லது, அண்ணையாவது தப்பினார் என்று நினைத்தாள்.

கடைசி நாள் டர்பைனின் வேகத்தை இறக்கினார்கள். அது முழுவதும் நிற்க நேரம் எடுத்தது. தரையின் அதிர்வு மெலிந்து, பிறகு இல்லாமல் போனது. யோசெப்பின் பொயிலரிலிருந்து நீரை வடித்து, ஈரம் தங்காமல் காய்ந்த காற்றை உள்ளே விடும் குழாயைப் பொருத்தி, பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

தை இரண்டாம் கிழமை. பெல்ரோஸிடம் தொலைபேசியில் கேட்க வெட்கமாக இருந்தது. நேரே போனால் என்ன? அந்த வேலை போயிருந்தாலும் லீவில் போகிறவர்களுக்குப் பதிலாவது கூப்பிடுவார். தெருமுனைத் தெப்பானர் கடையில் ஒரு சொக்கலேட் பெட்டி வாங்கினாள். இரண்டு ஆள் உயரத்துக்கு வெட்டிக் குவித்த பனிக்கு நடுவே நடந்து, ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக இறங்கினாள். எட்டு வருடம் ஏறி இறங்கிய படிகள். கதவைத் திறந்தாள்.

பதிவு மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். அருமைநாதன்.

ஒரு கணம் அவளுக்கு மகிழ்ச்சிதான் வந்தது. பழகிய முகத்தைக் கண்டால் வருகிற மகிழ்ச்சி. அவரும் வேலை கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தாள். பிறகு அவர் போட்டிருந்த நீல மேலாடையைப் பார்த்தாள். நெஞ்சில் பெயர் தைத்திருந்தது.

உள் அறையிலிருந்து வந்த பெல்ரோஸ் இரண்டு கையையும் விரித்தார். "யோசெப்பின்! உங்கள் நண்பரைப் பார்க்க வந்தீர்களா? அனுப்பியதற்கு நன்றி. உங்கள் பிரெஞ்சு அவரிடம் இல்லை, ஆனால் கை நல்ல கை."

"நான் அனுப்பினேனா?"

"ஆமாம். ஐப்பசியில் வந்தாரே. உங்களுக்கு அங்கே பதவி உயர்வு வருகிறது, வரமாட்டீர்கள், ஆகவே தன்னைப் போகச் சொன்னீர்கள் என்று..." பெல்ரோஸ் பாதியில் நிறுத்தினார். இருவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏதோ வால்வு பார்ப்பதாகச் சொல்லி மெல்ல விலகிப் போனார்.

பொயிலரின் இரைச்சலுக்குள் இருவரும் நின்றார்கள். யோசெப்பின் தமிழில் கேட்டாள். குரல் உயரவில்லை.

"எப்ப தெரியும் அண்ணை, மூடப் போறாங்கள் எண்டு?"

அவர் பேனையை மூடினார். "ஆவணியில. வெளியில சொல்லக் கூடாதெண்டு கையெழுத்து வாங்கினவங்கள், தங்கச்சி. சொல்லியிருந்தா என்னை அண்டைக்கே அனுப்பியிருப்பாங்கள்."

"சரி. சொல்ல ஏலாது. விளங்குது. நான் வானில உங்களைக் கேட்டனான். 'எனக்குத் தெரியாது, நீரே யோசியும்' எண்டு சொல்லியிருக்கலாமே. ஒண்டும் பேசாமல் இருந்திருக்கலாமே. நில்லும் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

அவர் பேனையை மேசையில் உருட்டினார்.

"கடைசித் தேதி எப்ப எண்டு கேட்டீங்கள். அதுக்குப் பிறகுதான் நில்லும் எண்டனீங்கள்."

"உமக்கு மரியதாசன் இருக்கிறான்" என்றார் அவர். கண் மேசையிலேயே இருந்தது. "ரெண்டு சம்பளம். எனக்கு அம்பத்தொரு வயசு. இந்தப் பிரெஞ்சோட என்னை ஆர் எடுப்பினம்? அப்ப வீடு வாங்கி நாலு மாசம். நீர் எங்க போனாலும் எடுப்பாங்கள், யோசெப்பின். உமக்கு இருக்கிற கெட்டித்தனத்துக்கு..."

"என்ர பேரைச் சொல்லித்தானே வந்தனீங்கள்."

"உம்மட பேரைச் சொன்னாத்தான் அவன் முகம் குடுத்துக் கதைப்பான்."

அதை அவர் ஒளிக்காமல் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. பொய்யாக ஒரு சாட்டுச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவள் சொக்கலேட் பெட்டியைப் பெல்ரோஸின் கதவருகே வைத்துவிட்டுப் படியேறினாள். "தங்கச்சி, வெளியில சறுக்கும், பாத்துப் போம்" என்று பின்னால் குரல் வந்தது. திரும்பவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் ஒன்றையே பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். வானில் போன ஆவணி நாட்கள், புரட்டாதி நாட்கள். அவள் கட்டிக் கொடுத்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அவள் ஷெரோனின் பள்ளிக்கூடக் கதை சொல்லக் கேட்டுச் சிரித்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தபடி அவர் வந்துகொண்டிருந்தார். அந்தக் கிராம்பு எண்ணெய்ப் போத்தலை நினைக்கும்போதெல்லாம் காது சுட்டது. தலையணை வைத்த மனிதனையும் இந்த மனிதனையும் ஒரே ஆளாக அவளால் சேர்த்துவைக்க முடியவில்லை.

வைகாசியில் ஷெரோனுக்கு உறுதிபூசுதல். அந்தச் சடங்கில் பிள்ளையின் தோளில் கை வைத்து ஒருவர் நிற்க வேண்டும். அது ஞானத்தகப்பனாகத்தான் இருக்கும் என்று பத்து வருடமாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். யோசெப்பின் அவர் வேண்டாம் என்றாள்.

"மன்னிச்சு விடன்" என்றான் மரியதாசன். "கோயிலில ஆக்கள் என்னெண்டு நினைப்பினம்? அவரும் பயத்தில செய்ததுதானே."

"பயத்தில செய்தவரெண்டு எனக்கும் தெரியும். அதுக்காக அவரின்ர கை என்ர பிள்ளையில வேண்டாம்."

ஷெரோன் அழுதாள். அவரை அவள் பிரெஞ்சுப் பிள்ளைகள் ஞானத்தகப்பனை அழைப்பதுபோல "பாரேன்" என்றுதான் கூப்பிடுவாள். பாரேன் என்ன செய்தார் என்று கேட்டாள். யோசெப்பின் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மனிதனைக் குறைத்துக் காட்டுவது சரியில்லை என்று நினைத்தாள். சொல்லாததால் பிள்ளைக்குக் கோபம் தாயின்மீதே வந்தது. அதையும் அவளே சுமந்தாள்.

அந்தச் சடங்குக்கு முன், பங்குனியில் ஒரு சனிக்கிழமை இமெல்டா வந்திருந்தாள். இல்-பிசாரில் பஸ் கிடைப்பது அரிது. இரண்டு பஸ் மாறி, பனி உருகத் தெருவில் தூவிய உப்பு சப்பாத்தெல்லாம் பூத்து, வாசலில் நின்றாள்.

"எனக்குத் தெரியாது யோசெப்பின். கோயிலில நீர் முகத்தைத் திருப்பினாப் பிறகுதான் அவரைப் பிடிச்சுக் கேட்டனான். தெரிஞ்சிருந்தா அண்டைக்கே உமக்கு போன் எடுத்திருப்பன்."

"பல்லுக்கு என்ன செய்தனீங்கள் அக்கா?"

"என்ன பல்லு?" என்றாள் இமெல்டா.

யோசெப்பின் அவளை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி வைத்தாள். இமெல்டா உண்மைதான் சொல்கிறாள் என்று அவளுடைய புத்தி சொன்னது. ஆனாலும் தேத்தண்ணிக்குச் சீனி போடும்போது, வேலை கிடைத்த மனிதன் வீட்டில் மனைவிக்கு ஒன்றுமே சொல்லாமலா இருந்திருப்பான் என்று இன்னொரு எண்ணம் வந்தது. முன்பென்றால் அவளுக்கு இப்படி எண்ணம் வராது. அன்று அது வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. உறுதிபூசுதலன்று ஷெரோனின் தோளில் கை வைத்து நின்றது இமெல்டாதான். அருமைநாதன் கோயிலின் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, படம் எடுக்கும் நேரத்துக்கு முன்பே எழுந்து போனார்.

கிழக்கிலிருந்த மின்னிலையம் அந்த வருட முடிவிலும் திறக்கவில்லை. நிறுத்தியதை இன்னொரு வருடத்துக்கு நீடித்தார்கள். யோசெப்பினுக்கு ஆனி மாதத்தில் நகரின் வடக்கே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. அங்கே இரண்டு பொயிலர்கள்: ஒன்று கறண்டில், மற்றது எண்ணெயில். சாதாரண நாட்களில் கறண்ட். குளிர் கடுமையாக இறங்கி, நகரமெல்லாம் ஒரே நேரத்தில் கறண்டை இழுக்கும் நாட்களில், மின்சாரசபையிலிருந்து செய்தி வரும். அவள் கறண்டை நிறுத்தி எண்ணெயைப் பற்றவைக்க வேண்டும். தனியாள் வேலை. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. வேறு ஆட்கள் இருக்கும் இடமென்றால் அவள் அந்த வேலையை எடுத்திருக்கவும் மாட்டாள்.

2009 தை மாதத்தில் அப்படியொரு நாள். வெளியே மைனஸ் இருபத்தேழு. காலை பத்து மணிக்கு அவள் எண்ணெய்ப் பொயிலரைப் பற்றவைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"தங்கச்சி, வைச்சிடாதையும்" என்றது குரல். பின்னால் இரைச்சல் கேட்டது. "பெல்ரோஸ் லீவில போயிட்டான். ரெண்டாம் நம்பர் பொயிலரில தண்ணி குழாய்க்குள்ள துள்ளுது. மேலயும் கீழயும் போகுது. எது சரியான மட்டமெண்டு தெரியேல்லை. பொயிலர் திருத்திற கம்பனிக்காரன் வர ரெண்டு மணித்தியாலமாம். மேல ஒப்பரேசன் நடக்குது."

யோசெப்பின் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பொயிலரை அவளுக்குத் தெரியும்.

"நுரையோ?"

"ஓம், நுரை."

"சலவைக்கு போற நீராவியை நிப்பாட்டுங்கோ. நெருப்பைப் பாதியாக் குறையுங்கோ. மேல்மட்டத்து வடிகுழாய் வால்வைக் கொஞ்சமாத் திறந்து அழுக்குத் தண்ணியை விடுங்கோ, புதுத் தண்ணி மெல்ல மெல்லப் போகட்டும். கீழ் வால்வைத் தொடாதையுங்கோ. திரும்பி வாற தண்ணியில எண்ணெய் மிதக்குதோ பாருங்கோ. மிதந்தா அந்தத் தண்ணியைச் சாக்கடைக்கு விடுங்கோ."

அவர் ஓடும் சத்தம் கேட்டது. இரும்புப் படி, வால்வு திரும்பும் கிறீச்சொலி. அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றாள். இருபது நிமிடம். நடுவில் இரண்டு தடவை அவர் மட்டத்தைச் சொன்னார், அவள் அடுத்ததைச் சொன்னாள். பிறகு அவருடைய மூச்சு அருகில் வந்தது.

"நிண்டிட்டுது. தண்ணி நிண்டிட்டுது, தங்கச்சி. திரும்பி வாற தண்ணியில எண்ணெய்தான். நீர் சொன்னபடிதான்." பிறகு, "யோசெப்பின், நான் அண்டைக்கு வானில..." என்று தொடங்கினார்.

"மட்டத்தைப் பதினைஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காப் பாத்து எழுதுங்கோ" என்றாள் அவள். "கம்பனிக்காரன் வந்தாப்பிறகு ரசாயனத்தைச் சோதிக்கச் சொல்லுங்கோ."

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தொலைபேசியை நிறுத்திப் பைக்குள் போட்டுவிட்டு, தன் பொயிலரின் மட்டத்தைப் பதிவேட்டில் எழுதினாள்.